வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவை பார்க்காமல் திரும்புவது எப்படி?

பள்ளிக்கூடத்தில் களப்பணி என்று ஒன்று உண்டு. அதைச் செய்தே தீர வேண்டும். செய்ததற்குப் படமும் வேண்டும். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு பாடப்புத்தகம் வந்தது, மதிப்பெண் வந்தது, பைண்டு போட்ட ரெக்கார்டு நோட்டும் வந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் ஏரிக்கரையில் நிறுத்துவதுதான் பாக்கி. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கரையில் நின்ற பிள்ளை எதையாவது பார்த்துத் தொலைக்கும். பார்த்தால் கேள்வி கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் எந்த நோட்ஸிலும் இருக்காது.

ஆகவே, பறவைகள் சரணாலயத்துக்குப் போய் வந்ததாகவும் இருக்க வேண்டும், பறவை பார்த்த வம்பும் கூடாது என்று நினைக்கும் பள்ளிகளுக்காக இந்த வழிகாட்டி. எடுத்துக்காட்டுக்கு வேடந்தாங்கலையே வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். பெயரும் எல்லோருக்கும் தெரியும். மற்ற மாவட்டத்தார் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் மாதம். வேடந்தாங்கல் என்பது ஏறத்தாழ முப்பது ஹெக்டேர் பரப்புள்ள ஒரு பாசன ஏரி. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும். தண்ணீர் ஏறியதும், ஏரிக்குள் இடுப்பளவு நீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நவம்பர் வாக்கில் பறவைகள் கூடு கட்ட ஆரம்பிக்கும். டிசம்பர், ஜனவரியில் கிளைகளில் இடம் கிடைக்காமல் அடிதடி நடக்கும். தண்ணீர் வற்ற வற்றக் குஞ்சுகளோடு கிளம்பிவிடும். எனவே உங்களுக்கு உகந்த மாதம் ஜூலை. ஏரி காய்ந்து மாடு மேயும். பிள்ளைகள் தண்ணீரில் விழும் பயம் இல்லை. "பறவைகள் எங்கே மிஸ்?" என்று யாராவது கேட்டால், "புவி வெப்பமயமாதல்" என்று சொல்லி அடுத்த பாடத்தையும் சேர்த்தே முடித்துவிடலாம்.

தவிர்க்க முடியாமல் ஜனவரியில் போக நேர்ந்தால், நேரத்தைக் கொண்டு சரிக்கட்டலாம். பறவைகளின் போக்குவரத்து அதிகமாக இருப்பது விடியற்காலையிலும் மாலை நாலு மணிக்குப் பிறகும். இரை தேடிப் போகிறவையும் திரும்பி வருகிறவையும் அப்போதுதான் வானத்தை நிறைக்கும். ஆகவே சுற்றறிக்கையில் "காலை 5 மணிக்குப் பேருந்து புறப்படும்" என்று போட்டுவிட்டு எட்டு மணிக்குப் புறப்படுங்கள். பரனூர் சுங்கச்சாவடியில் கொஞ்ச நேரம் போகும். செங்கல்பட்டு தாண்டி டிபன். படாளம் கூட்டுரோட்டில் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். பதினொன்றரைக்கு ஏரிக்கரை ஏறினால் வெயில் மண்டையைப் பிளக்கும். யாருக்கும் நிமிர்ந்து பார்க்கத் தோன்றாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. நண்பகலிலும் சில பறவைகள் கூட்டைவிட்டு அகலாது. குஞ்சு பொரித்திருக்கும் நாரை, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு சிறகையும் அகல விரித்து, குஞ்சுகளின் மேல் நிழல் விழும்படி மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். ஒரே ஒரு பிள்ளை அதைக் கவனித்துவிட்டாலும் நம் திட்டம் பாழ். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரிக்கச் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் எந்த நாரையையும் வென்றுவிடும்.

நிகழ்ச்சி நிரலை நெருக்கமாகப் போடுவதும் முக்கியம். காலை வேடந்தாங்கல், மதியம் மாமல்லபுரம், மாலை ஏதாவதொரு கேளிக்கைப் பூங்கா. பெற்றோருக்குக் கொடுத்த காசுக்கு நிறைவு. சரணாலயத்துக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினால், அதில் பாதி கழிப்பறை வரிசையிலேயே போய்விடும்.

பள்ளிக்கு அருகிலேயே நீர்நிலை இருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். வேளச்சேரி, மேடவாக்கம் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றின் மொட்டை மாடியில் ஏறினாலே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தெரியும். பூநாரையும் தாழைக்கோழியும் இலைக்கோழியும் அங்கே இருக்கின்றன. 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அதுவும் சேர்ந்தது, வேடந்தாங்கலும் சேர்ந்தது. பள்ளிக்கரணைக்குச் சைக்கிளில் போகலாம், மாதம் ஒருமுறை போகலாம், ஒரே இடத்தில் நின்று ஜூனுக்கும் ஜனவரிக்கும் என்ன மாறியது என்று எழுதலாம். களப்பணி என்று தெரிந்தவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் இதற்குப் பேருந்து தேவைப்படாது, வசூல் இருக்காது, கொடியசைத்து வழியனுப்ப யாரும் வரமாட்டார்கள். மாணவர் சேர்க்கை விளம்பரத்தில் போடவும் ஒன்றும் இருக்காது. குப்பைமேடு பின்னணியில் தெரியாமல் படம் எடுப்பதும் கடினம்.

இனி, பறவை ஆர்வலர்கள். இவர்களைக் கையாள்வது தனிக் கலை. எனவே சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ஏறக்குறைய எல்லா மாவட்டத்திலும் ஒரு குழு இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-லிருந்து நடக்கிறது. மற்ற ஊர்களில் வங்கி ஊழியர், பல் மருத்துவர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற தாசில்தார் என்று கலந்துகட்டி ஒரு வாட்ஸ்அப் குழு. ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏதாவதொரு கண்மாய்க்கரையில் இருநோக்கியோடு நிற்பார்கள். பள்ளிக்கு வந்து பேசக் கூப்பிட்டால் காசு கேட்க மாட்டார்கள். இந்த ஒரு காரணத்தாலேயே அவர்கள் சொல்வதை மதிக்க வேண்டியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் சில நிபந்தனைகள் வைப்பார்கள். ஒரு வழிகாட்டிக்குப் பதினைந்து பிள்ளைகள் போதும் என்பார்கள். நீங்கள் நூற்றெண்பது பேரை இறக்குங்கள். பளிச்சென்ற நிறத்தில் உடை வேண்டாம் என்பார்கள். விளையாட்டு விழாவுக்கு அடித்த ஆரஞ்சு டீ-ஷர்ட் மிச்சம் இருக்கும். களப்பணிக்கென்றே பிறந்த சீருடை அது. தொலைந்த பிள்ளையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம், பறவைகளும் கண்டுபிடித்துக்கொள்ளும். சத்தம் வேண்டாம் என்று கெஞ்சுவார்கள். அதற்குத்தான் பி.டி. சார் இருக்கிறார். வரிசை கலையும்போதெல்லாம் அவர் விசில் அடிக்கட்டும். அடைகாக்கும் பறவை மிரண்டு எழுந்தால் முட்டை வெயிலில் கிடக்கும். காத்திருக்கும் காகத்துக்கு அந்தச் சில நிமிடம் போதும். ஆனால் பாருங்கள், பறவை பறந்தால்தான் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள், படமும் நன்றாக விழுகிறது.

அவர்கள் கேட்கும் இன்னொன்று, களத்துக்குப் போவதற்கு முந்தின வாரம் வகுப்பில் ஒரு மணி நேரம். இருநோக்கியை எப்படிப் பிடிப்பது, எதைப் பார்ப்பது, எப்படி எழுதுவது என்று சொல்லித்தருவார்களாம். வகுப்புக்குப் பதிலாக அரங்கத்தில் விழா வையுங்கள். சலீம் அலி பிறந்த நாள் நவம்பர் 12. இந்தியாவில் பறவை பார்ப்போர் கொண்டாடும் நாள். ஏரியில் அப்போதுதான் சீசன் தொடங்கியிருக்கும். அன்றைக்குப் பிள்ளைகளைக் கதவு சாத்திய அரங்கில் உட்கார வைத்து, 'பறவை மனிதர் சலீம் அலி' என்ற தலைப்பில் பேச்சுப் போட்டி நடத்துவதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ஆர்வலரை மேடையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார வையுங்கள். வரவேற்புரை, தாளாளர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து அவரிடம் மைக் போகும்போது, "சார், அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருங்க, வேன் வந்துருச்சு" என்று சொல்லிவிடுங்கள்.

சரி, கரை ஏறியாயிற்று. பெயர்களைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வெள்ளையாக நின்றால் கொக்கு, கறுப்பாக நின்றால் நீர்க்காகம், மற்றவை எல்லாம் வெளிநாட்டுப் பறவை. இந்த மூன்றே வகையில் வேடந்தாங்கலை அடக்கிவிடலாம். "ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் இங்கே வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன" என்று பேருந்திலேயே அறிவித்துவிட்டால் பிள்ளைகளுக்கு உடல் சிலிர்க்கும். உண்மை அவ்வளவு சிலிர்ப்பாக இல்லை. இங்கே கூடு கட்டுகிற நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தாம். மழையும் தண்ணீரும் பார்த்து இடம் மாறுகிறவை. தொலைவிலிருந்து வரும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டுத் திரும்பிப் போகும். கூடு கட்டுவது வடக்கே, அவற்றின் சொந்த ஊரில். இதைச் சொன்னால், "அப்ப எது எங்கேருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று ஒரு குரல் வரும். அதற்குக் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைக் காலில் வளையம் மாட்டிவரும் கதையைச் சொல்ல வேண்டிவரும். சைபீரியாவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

எவ்வளவு முன்னேற்பாடு செய்தாலும் ஒரு பிள்ளை வரிசையிலிருந்து விலகி நிற்கும். பெரும்பாலும் வகுப்பில் கடைசி பெஞ்சு. தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் எடுக்காது. "மிஸ், அந்தக் கூழைக்கடாக் குஞ்சு அம்மா தொண்டைக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்குது மிஸ்!" என்று கத்தும். பெற்ற பறவையின் தொண்டைப் பையிலிருந்துதான் குஞ்சு மீன் எடுத்துத் தின்னும். அடுத்து, "நத்தைகுத்திக்கு மூக்கு நடுவுல ஓட்டையா இருக்கு, அதோட குஞ்சுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்கும். இது மோசமான கேள்வி. ஏனென்றால் பெரியவர்களே கவனிக்காததை அது கவனித்திருக்கிறது. அலகின் நடுவில் உள்ள அந்த இடைவெளி பிறவியில் கிடையாது. வளர வளரத்தான் உண்டாகும். உடனே அந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்து, "போட்டோவுக்கு எல்லாரும் நின்னாச்சு, உனக்காகத்தான் வெயிட்டிங்" என்று இழுத்துவாருங்கள். பதாகைக்குப் பின்னால் நிற்க வைத்தால் ஏரி மறைந்துவிடும்.

ஊர்க்காரர்களிடம் பேச விடாதீர்கள். பறவையைவிட இவர்களால்தான் களப்பணிக்கு அபாயம் அதிகம். வேடந்தாங்கலைக் காட்டிலாகா உருவாக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டவர்கள் மேல் ஊரார் புகார் கொடுத்து, அப்போதைய கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் என்னும் உறுதிப் பத்திரம் வாங்கினார்கள். அரசு இதைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936-இல். ஊரார் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் கருணை மட்டுமில்லை, கணக்கும்கூட. மரத்திலிருந்து விழும் எச்சம் ஏரித் தண்ணீரில் கரைகிறது. தழைச்சத்து ஏறிய அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. உரச் செலவு மிச்சம். அந்த வயலில் நத்தை பெருகினால் நாரை அதைத் தேடித் தின்கிறது. வேதியியல், உயிரியல், வரலாறு, பொருளியல் நான்கையும் ஒரு விவசாயி கரைமேல் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நான்கு ஆசிரியர்களின் பாடவேளை என்னாவது?

பேச்சு அதோடு நிற்கவும் செய்யாது. பறவைக்குக் கூடு ஏரியில், சாப்பாடு சுற்றுவட்டார வயலிலும் குளத்திலும். அதனால்தான் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரும் சரணாலய எல்லைக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2020-இல் அதைச் சுருக்கும் யோசனை எழுந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. இதெல்லாம் பிள்ளைகள் காதில் விழுந்தால், ரெக்கார்டு நோட்டில் 'பறவைகளைக் காப்போம்' என்று முடிப்பதற்குப் பதிலாக யாரிடமிருந்து என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். இதே காரணத்துக்காகத் திருநெல்வேலிக்காரர்கள் கூந்தன்குளத்தையும் சிவகங்கைக்காரர்கள் வேட்டங்குடியையும் தவிர்ப்பது உத்தமம். கூந்தன்குளத்தில் பறவைகள் ஏரியோடு நிற்காமல் தெருவில் வீட்டு மரங்களிலும் கூடு கட்டுகின்றன. நாற்றத்தையும் எச்சத்தையும் சகித்துக்கொண்டு ஊர் வாழ்கிறது. வேட்டங்குடிப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் பட்டாசு வெடிக்காத ஊரைக் காட்டினால் ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன பேசும் என்று யோசித்துப் பாருங்கள்.

திரும்பி வந்தபின் அறிக்கை. இதை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுவதுதான் பாதுகாப்பு. முன்னுரை, பொருளடக்கம், நோக்கம், கண்டறிந்தவை, முடிவுரை எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு நகலெடுக்கச் சொல்லுங்கள். 'கண்டறிந்தவை' என்பதில் நூற்றெண்பது பேரும் ஒரே பறவையை ஒரே நேரத்தில் ஒரே எண்ணிக்கையில் கண்டிருந்தால் திருத்துவது எளிது. படங்களுக்கு ஸ்டேஷனரி கடையில் பறவைச் சார்ட் கிடைக்கும். நெருப்புக்கோழி, பென்குயின், பஞ்சவர்ணக்கிளி எல்லாம் அதில் இருக்கும், கத்தரித்து ஒட்டிக்கொள்ளலாம். வேடந்தாங்கலில் பென்குயின் பார்த்த மாணவருக்கும் பத்துக்குப் பத்து போடுங்கள். ஒட்டிய வேலை சுத்தமாக இருக்கிறதல்லவா?

இவ்வளவு கேலி செய்தபின் ஆசிரியர்கள் பக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நூற்றெண்பது பிள்ளைகளோடு ஏரிக்கரையில் நிற்பவருக்கு, ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால் வேலை போகும். தேர்தல் பணி, கணக்கெடுப்புப் பணி, எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஏற்றும் பணி எல்லாம் முடித்து, எஞ்சிய நேரத்தில் சிலபஸ் முடிக்கிறவர் அவர். யாரும் அவருக்குப் பறவை பார்க்கக் கற்றுத்தரவில்லை. தெரியாததைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கும் இருக்காதா? விசில் அடிப்பது பெரும்பாலும் அந்தப் பயம்தான். தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் அது பாதி குறையும். குழுக்களைக் கூப்பிடுவதன் முதல் பயன் ஆசிரியருக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வழிகாட்டியைப் பின்பற்ற மனம் வராதவர்களுக்குச் சில வரிகள். வேடந்தாங்கலுக்குத்தான் போக வேண்டுமென்றால், வனத்துறை அலுவலகத்துக்கும் பறவைக் குழுவுக்கும் அக்டோபரிலேயே கடிதம் எழுதுங்கள். நாற்பது பேரோடு நிறுத்துங்கள். விடியலில் போய்ச் சேருங்கள், வேறு எங்கும் போகாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு கூடு என்று பிரித்துக்கொடுத்து, ஒரு மணி நேரம் அந்தக் கூட்டில் நடந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எத்தனை முறை இரை வந்தது, யார் கொண்டுவந்தார், பக்கத்துக் கூட்டோடு எத்தனை சண்டை. பெயர் தெரியாவிட்டால் பாதகமில்லை; அலகும் காலும் வரைந்தால் போதும், பெயரைப் பிறகு கண்டுபிடிக்கலாம். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் 'ஏர்லி பேர்டு' திட்டம் பிள்ளைகளுக்கென்றே தமிழிலும் பறவைக் கையேடு தயாரித்திருக்கிறது.

வேடந்தாங்கல் வரை போக முடியாதவர்களுக்குப் பள்ளி வளாகத்து வேப்பமரம் போதும். ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், 2015-லிருந்து நடக்கிறது. வீட்டு வாசலிலோ வயலிலோ குளத்தங்கரையிலோ குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்து இ-பேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும். காக்கையும் மைனாவும் மட்டுமே வந்தாலும் அந்தப் பட்டியல் செல்லும். பிப்ரவரியில் உலகம் முழுக்க இதே போன்ற கணக்கெடுப்பு இன்னொன்று இருக்கிறது. இரண்டிலும் சேரக் கட்டணம் எதுவும் இல்லை.